கோடையில் படகு வீடு: இரண்டு குடும்பம், ஆறு கிழமை, 89 பூட்டு

நான்கு வருடமாகப் பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிய கையோடு நாங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் படகுக்குப் போய்விடுகிறோம். மேற்கு லண்டனில் வெளிக்கிட்டு, கிராண்ட் யூனியன் கால்வாய் வழியே வடக்கே நோர்தாம்டன்ஷையரில் உள்ள பிரான்ஸ்டன் வரை போய், அதே வழியால் திரும்புவோம். எங்கள் படகில் நான், கணவர், 13 வயது மகன், 8 வயது மகள், 74 வயது அம்மா. கூடவே வரும் மற்றப் படகில் நண்பர் குடும்பம், நாலு பேர். சனி ஞாயிறில் மச்சாள் குடும்பமும் வந்து ஏறும். கோயிலிலும் கலியாண வீட்டிலும் சந்திக்கிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

இது எப்படிப்பட்ட படகு? ஒரு குடும்பம் உள்ளே வாழ இடம் காணுமா?

நரோபோட் என்பார்கள். உருக்கால் கட்டிய, அடி தட்டையான, நீண்ட படகு. அகலம் 6 அடி 10 அங்குலம். இங்கிலாந்தின் நடுப்பகுதிக் கால்வாய்களில் பூட்டுகளை, அதாவது படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகளை, 7 அடி அகலத்துக்குக் கட்டிவிட்டார்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியியலாளர் எடுத்த முடிவு அது. இன்றைக்கும் படகு கட்டுகிறவர் அந்த அளவுக்குள்தான் நிற்க வேண்டும். நீளம் மட்டும் எங்கள் விருப்பம். எங்களுடையது 50 அடி, நண்பருடையது 57 அடி. 57-க்கு மேல் போனால் வடக்கில் சில கால்வாய்களின் பூட்டுக்குள் அடங்காது. அதனால் பழைய படகு வாங்குகிற ஆட்கள் அந்த அளவைத் தேடித்தான் வாங்குவார்கள்.

உள்ளே ஒரு நீண்ட ஓடைதான் வீடு. அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், இருக்கிற இடம், பிறகு குசினி, பிறகு குளியலறை, கடைசியில் படுக்கை. சாப்பாட்டு மேசையை இறக்கிப் பலகை போட்டால் இரவில் அது பிள்ளைகளின் கட்டில். ஒருவர் நடந்து வந்தால் எதிரே வருகிறவர் ஒதுங்கித்தான் ஆகவேண்டும். இடம் காணுமா என்றால், மழை பெய்யாத நாளில் தாராளமாகக் காணும். கரையும் புல்லும் நடைபாதையும் எங்கள் விறாந்தை. மூன்று நாள் விடாமல் மழை பெய்தால் காணாது. அதை ஒளிக்க மாட்டேன்.

சொந்தமாக வாங்க வேண்டுமா, வாடகைக்கு எடுக்கலாமா?

முதல்முறை என்றால் வாடகைக்கு ஒரு கிழமை எடுங்கள். ஆகஸ்டில் எட்டுப் பேர் படுக்கும் படகுக்குக் கிழமைக்கு இரண்டாயிரம் பவுணுக்கு மேல் கேட்பார்கள். இரண்டு குடும்பம் பிரித்துக் கட்டினால் பெரிய பாரம் இல்லை. ஆறு கிழமை வாடகை என்றால் கட்டுப்படியாகாது. நாங்கள் மூன்று தரம் வாடகைக்கு எடுத்துப் பழகிய பிறகுதான் பழைய படகு ஒன்றை வாங்கினோம்.

வாங்கினால் மூன்று கடதாசி வேண்டும்: கால்வாயில் ஓட்ட அனுமதிப் பத்திரம், காப்புறுதி, படகுப் பாதுகாப்புச் சான்றிதழ். சான்றிதழ் நான்கு வருடத்துக்கு ஒருமுறை பரிசோதித்துத் தருவது. அனுமதிப் பத்திரம் தருவது கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட். இது 2012-இல் அரச நிறுவனத்திடமிருந்து கால்வாய்களைப் பொறுப்பெடுத்த அறநிறுவனம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2,000 மைல் நீர்வழியைப் பார்க்கிறது.

ஓட்ட லைசன்ஸ்?

உள்நாட்டுக் கால்வாயில் சொந்தத் தேவைக்கு ஓட்ட எந்தப் பரீட்சையும் இல்லை. வாடகைக்குத் தருகிறவர்கள் ஒரு மணித்தியாலம் கூட நின்று காட்டித் தருவார்கள்.

பழக வேண்டியது மூன்று விசயம். சுக்கான் பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகின் மூக்கு வலப்பக்கம் திரும்பும். காரைப் போல முன்பக்கம் மட்டும் திரும்பாது. நடுவை அச்சாக வைத்து முழுப் படகும் சுழலும், அதனால் பின்பக்கம் எங்கே போகிறது என்று எந்நேரமும் ஒரு கண் வேண்டும். பிரேக் கிடையாது, பின்னோக்கிக் கியர் போட்டுத்தான் நிற்பாட்டுவது. வேக எல்லை மணிக்கு 4 மைல். கரையில் கட்டிய படகுகளைத் தாண்டும்போது அதிலும் பாதி. இல்லாவிட்டால் அவர்களின் அடுப்பில் உள்ள சட்டி சரிந்துவிடும். எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்குவது வழக்கம். றோட்டுக்கு நேர் எதிர்.

பூட்டு என்றால் என்ன? எல்லாரும் அதைப் பற்றியே கதைக்கிறார்கள்.

கால்வாய் மலை ஏறுகிற படி அது. இரண்டு பக்கமும் கல்சுவர், இரண்டு முனையிலும் மரக்கதவு, நடுவில் படகு நிற்கும் தொட்டி. மேலே ஏறுவதானால் கீழ்க்கதவால் உள்ளே போய்க் கதவைச் சாத்த வேண்டும். பிறகு மேல்முனையில் உள்ள சின்ன வான்கதவுகளைத் தூக்கினால் தண்ணீர் புகுந்து படகை உயர்த்தும். மேல்மட்டம் சரிசமமானதும் மேல்கதவு திறக்கும். அதற்கு ஒரு நிமிடம் முன்னே யானை வந்து தள்ளினாலும் திறக்காது. தண்ணீரின் பாரம் அப்படி.

வான்கதவைத் தூக்குவது விண்ட்லஸ் என்ற வளைந்த இரும்புக் கைப்பிடியால். ஆளுக்கொன்று வைத்திருப்போம், வருடத்துக்கு ஒன்றாவது தண்ணீருக்குள் போகும். கதவைத் தள்ளுவது கையால் அல்ல. பெரிய மரச்சட்டத்தில் முதுகைச் சாய்த்து, நிலத்தில் அரைவட்டமாகப் பதித்த செங்கல் வரிசையில் குதியை ஊன்றித் தள்ள வேண்டும். இருநூறு வருடத்துக்கு முந்திய ஆட்கள் தள்ளிய அதே முறைதான் இது.

எங்கள் வழியில் பூட்டுகளுக்கு இலக்கம் உண்டு. பிரான்ஸ்டனில் 1, லண்டன் ஓரம் கௌலியில் 89. இந்தக் கால்வாயின் தென்பகுதியை வில்லியம் ஜெசப் 14 அடி அகலப் பூட்டுகளோடு கட்டியதால் இரண்டு நரோபோட் அருகருகே நின்று ஒன்றாக ஏறலாம். நாங்கள் இரண்டு படகாகப் போவதற்குப் பெரிய காரணம் இதுதான். ஒரு கதவை நண்பரின் மூத்த மகன், மற்றக் கதவை என் மகன், வான்கதவில் பெரியவர்கள், கயிற்றில் சின்னவள். ஒரு படகு தனியே 25 நிமிடம் எடுக்கும் இடத்தில் இரண்டு படகு 15 நிமிடத்தில் முடிக்கும்.

இறங்கும்போது ஒரு ஆபத்து உண்டு, இதை மட்டும் தயவுசெய்து மனதில் வையுங்கள். மேல்கதவின் அடியில் கல் வாசற்படி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டி நிரம்பியிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் இறங்க இறங்கப் படகின் பின்பகுதி அந்தப் படியில் மாட்டினால் முன்பக்கம் கீழே போய் நிமிடக்கணக்கில் படகு மூழ்கிவிடும். சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள், படகு முழுவதும் அதற்கு முன்னால் நிற்க வேண்டும். சுக்கானில் நிற்பவர் பூட்டு முடியும்வரை போனைத் தொடக்கூடாது என்பது எங்கள் இரண்டு படகிலும் சட்டம்.

நீச்சல் தெரியாத பிள்ளைகளைக் கொண்டுபோகலாமா?

போகலாம். கால்வாய் பல இடங்களில் 4 அடிதான் ஆழம். பூட்டு அப்படி இல்லை. டெனமில் உள்ள பூட்டு மட்டுமே 11 அடி ஏறி இறங்கும். வெளியே வந்தால் உயிர்காப்பு மேலங்கி கட்டாயம். பூட்டு ஓரத்தில் ஓட்டம் கிடையாது. பாலத்துக்கும் சுவருக்கும் படகுக்கும் நடுவில் கையோ காலோ வைக்கக்கூடாது. 15 தொன் இரும்பை எந்தப் பிள்ளையாலும் தள்ளி நிறுத்த முடியாது. யாராவது விழுந்தால் சுக்கானில் நிற்பவர் உடனே கியரை நடுவுக்கு எடுக்க வேண்டும். விழுந்தவருக்குத் தண்ணீரைவிட, படகின் பின்னால் சுற்றி அதைத் தள்ளும் சுழலிதான் பெரிய ஆபத்து.

குளிக்க இறங்கவேண்டாம். எலிக்காய்ச்சல் வரலாம். காயம் இருந்தால் மூடி, சாப்பிட முன் சவர்க்காரம் போட்டுக் கைகழுவினால் போதும்.

அம்மாவை எப்படி ஏற்றினீர்கள்? வயதானவர்களுக்கு ஏலுமா?

இதைத்தான் கூடப் பேர் கேட்கிறார்கள். முதல் வருடம் நானும் பயந்தேன். அணியத்தில் இரண்டு படி இறங்கி உள்ளே போக வேண்டும், முழங்கால் நோ உள்ளவர். கைபிடிக்க ஒரு கம்பி பொருத்தினோம், கரையில் வைக்க அகலமான பலகை ஒன்று வாங்கினோம், அவ்வளவுதான். பூட்டு வேலைக்கு அவர் வருவதில்லை.

அம்மா வல்வெட்டித்துறையில் பிறந்தவர். 1938-இல் அட்லாண்டிக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்த அன்னபூரணி பாய்க்கப்பல் அந்த ஊரில் கட்டியது. அவர் பிறக்க முன் நடந்தது என்றாலும், கண்ணால் கண்டது மாதிரித்தான் சொல்வார். ஆனால் லண்டனுக்கு வந்து முப்பது வருடம் பிள்ளைகளின் வீடுகளில் யன்னல் ஓரம் இருந்ததைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள், கேட்காமலே, பின்தட்டில் வந்து கதிரை போட்டு இருந்தார். மகன் சுக்கானில் நிற்க, மேற்கே இருந்து காற்று. தட்டையான படகை அது கரைக்குத் தள்ளிக்கொண்டே போனது. "தம்பி, காத்துப் பக்கம் அணியத்தைக் குடு. இல்லாட்டிக் காத்துக் கொண்டுபோயிடும்" என்றார். அவன் கொடுத்தான், படகு நேரானது. அன்றிலிருந்து காற்றுள்ள நாளில் பிள்ளைகள் அவரைக் கேட்காமல் கட்டுக் கயிறு அவிழ்ப்பதில்லை. முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தைக் கடையால் என்றும் நண்பரின் பிள்ளைகளும் சொல்லப் பழகிவிட்டார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் படிப்பிக்காத சொற்கள்.

வீட்டில் அம்மாவுக்கு நாங்கள் வேலை வைப்பதில்லை. பாசம் என்று நினைத்துத்தான் அப்படிச் செய்தோம். படகில் எல்லாருக்கும் ஒரு வேலை இருந்தே ஆகவேண்டும், எட்டு வயதுக்கும் எழுபத்துநாலுக்கும். அவர் நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

தண்ணீர், குளிப்பு?

எங்கள் தொட்டி 400 லீற்றர். ஐந்து பேருக்கு நான்கு நாள், கவனமாக இருந்தால். வழியில் தண்ணீர்க் குழாய்கள் உண்டு. நிரப்ப ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். எல்லாக் குழாய் அறைகளுக்கும் ஒரே திறப்பு, மிதக்கும் தக்கை கட்டி வைத்திருக்கிறோம். குளிப்பு இரண்டு நிமிடம்: நனை, குழாயை நிற்பாட்டு, தேய், அலசு. அம்மாவின் எண்ணெய் முழுக்குச் சனிக்கிழமை, குழாய் பக்கத்தில் கட்டிய நாளில் மட்டும். என் மகள் வீட்டில் பல்லுத் தீட்டும்போதும் இப்போது குழாயைப் பூட்டுகிறாள்.

மலசலகூடம்?

பெட்டி வகை. 20 லீற்றர் அளவுப் பெட்டி நிரம்பியதும் இழுத்தெடுத்து, அதற்கென்று கட்டிய இடத்தில் ஊற்றிக் கழுவ வேண்டும். ஐந்து பேர் என்றால் இரண்டு நாள் கூடத் தாங்காது, அதனால் மேலதிகப் பெட்டி இரண்டு வைத்திருங்கள். முறை வைத்துச் செய்கிறோம், 13 வயது மகன் உட்பட. விருந்தாளிக்கு விலக்கு உண்டு, ஒரு இரவுக்கு மட்டும்.

எங்கள் சாப்பாடு சமைக்க ஏலுமா?

ஏன் ஏலாது! இரண்டு அடுப்பு, காஸ் சிலிண்டர். விடிய புட்டு, மத்தியானம் சோறும் பருப்பும் ஒரு மரக்கறியும், இரவு இடியப்பமும் சொதியும். காபனோரொக்சைட்டு எச்சரிக்கைக் கருவி 2019 முதல் கட்டாயம். நாங்கள் இரண்டு பூட்டியிருக்கிறோம், சமைக்கும்போது யன்னலும் கதவும் திறந்தபடிதான். மிக்ஸியை எஞ்சின் ஓடும்போது மட்டும் போடுவோம், பற்றரி தாங்காது. இரவு 8-க்கும் காலை 8-க்கும் நடுவில் கட்டி நிற்கும் படகில் எஞ்சின் போடக்கூடாது என்பது விதி. ஆகவே சம்பலுக்கு அரைப்பது மாலை 7:30-க்குள் முடிய வேண்டும். மீன் பொரிப்பதைக் கைவிட்டோம். வாசம் ஒரு கிழமை படுக்கை விரிப்பில் நிற்கும்.

சாமானுக்கு ஒரு நல்ல வழி உண்டு. லண்டனுக்குள் போகும் பாடிங்டன் கிளை, புல்ஸ் பிரிட்ஜில் பிரிந்து 13 மைலுக்கு மேல் ஒரு பூட்டுக்கூட இல்லாமல் போவது. அது அல்பேட்டனைத் தொட்டுத்தான் போகிறது. கட்டிவிட்டு ஈலிங் ரோட்டுக்கு நடந்து போய் முருங்கைக்காய், கறிவேப்பிலை, சிவப்பரிசி மா எல்லாம் வாங்கலாம். வெளிக்கிட முன் இரண்டு நாள் இதற்காகவே அங்கே போய்வருவோம். வடக்கே ஏறிய பிறகு மில்டன் கீன்ஸ் வரும்வரை எங்கள் கடைச் சாமானுக்கு அதிகம் வழியில்லை. ஆகஸ்ட் நடுவில் இருந்து நடைபாதை ஓரம் நாவல் நிறத்தில் பிளாக்பெரி பழுக்கும், அதற்குக் காசு வேண்டாம்.

சுழலியில் சேலை மாட்டுவது உண்மையா?

உண்மை. இதைக் கொஞ்சம் கூடவே எழுதவேண்டும்.

முதல் கோடையில் சவுத்ஹால் பக்கம் படகு திடீரென்று நடுங்கி வேகம் இழந்தது. எஞ்சினை நிற்பாட்டி, திறப்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, பின்தட்டில் சுழலிக்கு மேலே உள்ள மூடியைத் திறந்து கையை விட்டார் கணவர். வந்தது சிவப்புப் பட்டு. ஆறு முழத்துக்குக் குறையாது, அச்சில் கயிறு போல முறுகி இறுகியிருந்தது. பாண் வெட்டும் கத்தியால் அறுத்து அறுத்து எடுக்க ஒன்றரை மணித்தியாலம். சரிகை கைக்குத் தட்டுப்பட்டபோது, யாரோ சாமிக்குச் சாத்தி, குப்பையில் போட மனமில்லாமல் ஓடுகிற தண்ணீரில் விட்டது என்று விளங்கியது. தேங்காய்களும் மாலைகளும் அப்படியே மிதக்கும்.

விடுகிறவர்களின் மனம் எனக்குத் தெரியும். அம்மாவும் வீட்டுப் பூசைப் பூவைக் குப்பைக்குள் போடமாட்டார். ஆனால் கால்வாய் ஆறு இல்லை. இது ஓடாது. பூட்டுக்கும் பூட்டுக்கும் நடுவில் கட்டி நிற்கும் குளம். விட்டது கடலுக்குப் போகாது. ஒரு வாத்தின் காலிலோ ஒரு படகின் சுழலியிலோ போய் முடியும். பூவை வீட்டுத் தோட்டத்து மண்ணில் புதையுங்கள், சாத்திய சேலையைக் கோயிலிலேயே கேட்டுக் கொடுங்கள். எங்கள் ஆட்களுக்கு எங்கள் மொழியில் இதைச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே பாதி இந்தப் பக்கத்தை எழுதினேன்.

ஆறு கிழமை லீவு எப்படிக் கிடைக்கிறது?

கிடைப்பதில்லை. எங்கள் வழியில் ரயில் கூடவே ஓடுகிறது. கிங்ஸ் லாங்லி, ஹெமெல் ஹெம்ஸ்டெட், பெர்க்கம்ஸ்டெட், ட்ரிங், லெய்ட்டன் பஸார்ட், பிளெச்லி, வுல்வர்டன் எல்லாவற்றிலும் லண்டன் யூஸ்டனுக்கு ரயில். பெர்க்கம்ஸ்டெட் ஸ்டேஷன் கால்வாயின் கரையிலேயே நிற்கிறது. கணவர் காலையில் ஒரு ஸ்டேஷனில் ஏறி வேலைக்குப் போய், மாலையில் இன்னொன்றில் இறங்கி எங்களைத் தேடி நடந்து வருவார். நான் கைப்பேசி இணையத்தில் வேலை செய்கிறேன்; ட்ரிங் மலைவெட்டுக்குள் சமிக்ஞை வராது, அன்றைக்குக் கூட்டம் வைப்பதில்லை.

எங்கு வேண்டுமானாலும் கட்டலாமா?

நடைபாதைப் பக்கத்தில், தடை எழுதாத இடங்களில், 14 நாள் வரை கட்டலாம். ஊர்களுக்குள் இரண்டு நாள், ஏழு நாள் என்று பலகை இருக்கும். பூட்டு வாயிலிலும் திருப்பத்திலும் பாலத்தின் கீழும் கட்டக்கூடாது. காசில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம்?

ஒரு பூட்டை ஒரு மைலாக எண்ணி, மணிக்கு மூன்று என்று போடுங்கள். புல்ஸ் பிரிட்ஜில் இருந்து பிரான்ஸ்டனுக்கு ஏறத்தாழ 87 மைல், 89 பூட்டு: அறுபது மணித்தியாலமளவு. நாளுக்கு நாலு மணித்தியாலம் ஓடினால் 15 நாள். காரில் ஒன்றரை மணித்தியாலத்தில் முடிகிற தூரம்! டீசல் மணிக்கு ஒன்றரை லீற்றருக்குள்தான்.

இவ்வளவு நெருக்கத்தில் சண்டை வராதா?

வரும். எங்களுக்கு இரண்டாம் கோடையில் வந்தது, நட்பே முறிந்துவிடும் என்ற அளவுக்கு. நண்பர் விடிய 6 மணிக்கு எஞ்சின் போட நினைப்பவர். எஞ்சின் போட விடாத நேரத்திலும் படகை ஓட்டிக்கொண்டு போகத் தடையில்லை. நாங்கள் ஒன்பதரைக்கு முன் தேத்தண்ணீர் முடிக்க மாட்டோம். ஒரு கிழமை இரண்டு பக்கமும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம். கடைசியில் பெர்க்கம்ஸ்டெட்டில், ஒரு சின்ன விசயத்துக்கு, ஒரு தண்ணீர்க் குழாய் யார் சுருட்டுவது என்பதற்கு, பெரியவர்கள் நாலு பேரும் கரையில் நின்று சத்தம் போட்டோம். பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது இன்னும் எனக்கு வெட்கம்.

அன்றிரவு அக்காதான், நண்பரின் மனைவி, வழி சொன்னார். படகுகள் கூடவே போக வேண்டும் என்று யார் சொன்னது? அடுத்த பெரிய பூட்டு வரிசையில் எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று மட்டும் இரவில் பேசுவோம். நடுவில் அவரவர் நேரம், அவரவர் வேகம். அதோடு பிள்ளைகள் விரும்பினால் படகு மாறலாம். அதன்பிறகு மார்ஸ்வர்த்தின் ஏழு பூட்டிலும் ஸ்டோக் பிரூனின் ஏழு பூட்டிலும் சேர்கிறோம், மற்ற நேரம் காற்றோட்டம். ஒரே படகில் இரண்டு குடும்பம் என்றால் இரண்டு கிழமைக்கு மேல் வேண்டாம் என்பதே என் கருத்து.

முந்தி இப்படிக் குடும்பமாக வாழ்ந்தவர்கள் உண்டா?

உண்டு, விரும்பி அல்ல. தொடக்கத்தில் நிலக்கரியும் சாமானும் ஏற்றிய படகுகளில் ஆண்கள் வேலை செய்தார்கள், குடும்பம் கரையில் இருந்தது. பிறகு ரயில் வந்தது. லண்டன்–பர்மிங்ஹாம் பாதை முழுவதும் திறந்தது 1838-இல். என் கணவர் வேலைக்குப் போகிற அதே பாதை. ரயிலோடு போட்டி போடக் கூலியைக் குறைத்தார்கள். கரையில் வீட்டு வாடகை கட்ட வழியில்லாமல் மனைவியும் பிள்ளைகளும் படகுக்கு வந்தார்கள், கூலியில்லாத வேலையாட்களாக. சாமானுக்கே முழுப் படகும். குடும்பத்துக்குப் பின்னால் 10 அடி நீள அறை. அதற்குள் அடுப்பு, அலுமாரி, மடக்குக் கட்டில், அப்பா, அம்மா, நாலைந்து பிள்ளைகள். கதவுகளில் ரோசாப் பூவும் கோட்டையும் வரைந்து வைத்த அந்த அறையை ஸ்டோக் பிரூன் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். எங்கள் 50 அடியில் இடம் காணாது என்று நான் முறைப்பட்டது அதைப் பார்க்கும்வரைதான்.

1877-லும் 1884-லும் வந்த சட்டங்கள் ஒரு அறையில் எத்தனை பேர் படுக்கலாம் என்று வரையறுத்தன, பிள்ளைகளின் படிப்பையும் தொட்டன. ஓடிக்கொண்டே இருக்கிற பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்? பலர் எழுத்துத் தெரியாமலே வளர்ந்தார்கள். ஸ்டோக் பிரூனில் மேரி வார்ட் என்ற தாதி தன் வீட்டிலேயே அவர்களுக்கு மருந்து கட்டி, பிரசவம் பார்த்து, பல வருடம் துணை நின்றார். 1970-இல் சவுத்ஹாலில் ஒரு ஜாம் தொழிற்சாலைக்கு நிலக்கரி ஏற்றியதோடு நீண்ட தூரப் படகு வியாபாரம் முடிந்தது. அவர்களும் இரண்டு படகாகத்தான் போனார்கள், எஞ்சின் படகும் இழுபடகும், அகலப் பூட்டில் அருகருகே கட்டி. பூட்டுச் சுவர் விளிம்பில் கயிறு உராய்ந்து உராய்ந்து விழுந்த தடங்கள் உண்டு. ஒரு விரலை உள்ளே வைக்கலாம். மகளுக்கு அதைத் தொட்டுப் பார்க்காமல் பூட்டைத் தாண்டுவது பிடிக்காது.

கோடையில் தண்ணீர் வற்றினால்?

அப்போது பூட்டுகளை மூடுவார்கள். 7 அடி ஏறி இறங்கும் அகலப் பூட்டு ஒன்று ஒருமுறை 2 லட்சம் லீற்றரளவு தண்ணீரைக் கீழே விடுகிறது. ட்ரிங் உச்சிக்கு இரண்டு பக்கமும் இறக்கம் என்பதால், ஏறி இறங்குகிற ஒவ்வொரு தரமும் இரண்டு பூட்டுத் தண்ணீர் உச்சியில் இருந்து போகிறது. அதற்காகவே மார்ஸ்வர்த், வில்ஸ்டன் என்று குளங்கள் கட்டி வைத்தார்கள். இன்று அவை பறவைகளுக்குப் பேர்போன இடங்கள். 2025 வறட்சியில் வடக்கே லீட்ஸ்–லிவர்பூல் கால்வாயின் பெரும்பகுதி மாதக்கணக்கில் மூடியிருந்தது. வெளிக்கிட முன் மூடல் அறிவிப்புகளைப் பாருங்கள். பூட்டுக்கு இன்னொரு படகு வருகிறதா என்று பத்து நிமிடம் காத்திருந்து சேர்ந்து போங்கள். தண்ணீர் பாதியாக மிச்சம்.

சுகமில்லாமல் போனால் எங்கே இருக்கிறோம் என்று எப்படிச் சொல்வது?

பாலத்து இலக்கம். ஒவ்வொரு பாலத்திலும் எழுதியிருக்கும். தாண்டும்போதெல்லாம் சின்னவள் கரும்பலகையில் எழுதுவாள். ஒருமுறை நண்பருக்கு நெஞ்சு நோ வந்து 999-க்கு அடித்தபோது அந்த இலக்கத்தைச் சொன்னது அவள்தான். நல்லகாலம், தசைப்பிடிப்பு மட்டும்.

ஒரு நாள் வந்து பார்க்கலாமா?

வாருங்கள். ஆகஸ்ட் முதல் கிழமையில் பெரும்பாலும் மார்ஸ்வர்த் ஏழு பூட்டில் இறங்கிக்கொண்டிருப்போம். ட்ரிங் ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம். நல்ல பிடிமானமுள்ள சப்பாத்துப் போடுங்கள், செருப்பு வேண்டாம். சாப்பாடு கொண்டுவரத் தேவையில்லை. விண்ட்லஸ் மேலதிகமாக ஒன்று இருக்கிறது, 45-ஆம் பூட்டில் உங்கள் கையில் தருவோம்.